வேலை கிடைத்துவிட்டதா? சேருமுன் வாசலில் நின்று பாருங்கள்!

மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நாலு அடி நடக்கவிட்டும் பார்க்கிறார்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் பையனை மட்டுமா பார்க்கிறார்கள்? அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். "மாமியார் குணம் எப்படி?" என்று கேட்கிறார்கள். வாசலில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பது வரை விசாரணை போகும்.

வாடகைக்கு வீடு பிடிக்கிறவர் கூடக் குழாயைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை.

ஆனால், பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கேள்விதான்: "சம்பளம் எவ்வளவு?"

அதோடு விசாரணை முடிந்தது! பெட்டி கட்டியாகிவிட்டது!

விழித்திருக்கும் நேரத்தில் பாதி வேலை செய்யும் இடத்தில்தான் கழிகிறது. விடுதியில் தங்கி வேலை செய்தால், தூங்கும் நேரமும் அங்கேதான். அந்த இடம் எப்படிப்பட்டது? அங்கே காற்று வருமா? குடிக்கத் தண்ணீர் உண்டா? தீப்பிடித்தால் வெளியே ஓட வழி உண்டா? மேலே இருப்பவர் மனிதரை மனிதராக நடத்துவாரா?

இவற்றையெல்லாம் பார்ப்பது எப்படி? எப்போது பார்ப்பது? எதைக் கேட்பது?

பூட்டிய கதவு

1911-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். பத்து மாடிக் கட்டிடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் ஒரு தையல் தொழிற்சாலை. பெண்கள் அணியும் சட்டைகளைத் தைக்கும் இடம் அது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பிழைப்பைத் தேடி வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

மாலையில் வேலை முடியும் நேரம். திடீரென்று தீப்பிடித்தது. துணிக் குவியல்களில் தீ பரவியது. பெண்கள் கதவை நோக்கி ஓடினார்கள். ஒன்பதாவது தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தொழிலாளிகள் துணி எதையும் எடுத்துப் போய்விடக் கூடாதே என்று பூட்டி வைப்பது அங்கே வழக்கம்!

தீயணைப்பு வண்டிகள் வந்தன. ஆனால் ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. 146 பேர் மாண்டார்கள். பலர் ஜன்னல் வழியாகக் குதித்துச் செத்தார்கள்.

தெருவில் நின்று அந்தக் கோரத்தைக் கண்ணால் கண்டவர்களில் பிரான்சஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். பின்னால், 1933-ல், அவர் அமெரிக்காவின் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் ஆனார். அந்த நாட்டு மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண் அவரே.

விரிசல் விட்ட சுவர்

அது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். நூறு ஆண்டுகள் கழித்து நம் பக்கத்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள்.

வங்காள தேசத்தில், டாக்கா நகரத்தை அடுத்த சவார் என்ற ஊர். அங்கே ராணா பிளாசா என்று ஓர் எட்டு மாடிக் கட்டிடம். கீழே கடைகளும் ஒரு வங்கியும். மேலே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அந்தக் கட்டிடத்தில் பெரிய விரிசல்கள் கண்டன. எல்லோரையும் வெளியேற்றினார்கள். மறுநாள் வங்கி திறக்கவில்லை. கடைகளும் திறக்கவில்லை. ஆனால் தையல் தொழிலாளிகளை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயம். அவர்கள் மாடி ஏறினார்கள்.

அன்று காலையிலேயே கட்டிடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. தொழிலாளிகளும் பார்த்தார்கள். ஆனால் உள்ளே சேர்ந்துவிட்டவரால் சுலபமாக "வரமாட்டேன்" என்று சொல்ல முடியவில்லை. அரிசிக் கடைப் பாக்கி இருக்கிறது. வீட்டு வாடகை இருக்கிறது. பாதி மாதச் சம்பளம் முதலாளியிடம் இருக்கிறது.

சேருவதற்கு முன்னால் அந்தக் கட்டு எதுவும் இல்லை. கேட்கலாம், பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம். ஒரு தொழிலாளிக்குப் பேச்சில் பலம் மிகுதியாக இருக்கும் நாள், வேலைக்குச் சேருவதற்கு முந்திய நாள்தான்!

வேன் வந்து நிற்கும் கிராமம்

தமிழ்நாட்டில் இந்த விசாரணை மிக அவசியமாக இருப்பது யாருக்கு? கிராமத்திலிருந்து நூல் மில்லுக்குப் போகும் இளம் பெண்களுக்கு.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் நூற்பாலைகள் ஏராளம். வெளி மாவட்டங்களிலிருந்து பெண்கள் வந்து விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். நல்ல முறையில் நடக்கும் மில்களும் உண்டு. ஆனால் சில இடங்களில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் நடந்தது என்ன? மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவார்கள். பெயர் மங்களகரமாக இருந்தது. ஆனால் நடுவில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால்? மொத்தத் தொகை இல்லை என்று கைவிரித்ததாகப் பல பெண்கள் புகார் செய்தார்கள்.

உழைத்த கூலி அந்தந்த மாதமே கைக்கு வர வேண்டும். "கடைசியில் தருகிறோம்" என்பது சம்பளம் அல்ல, வாக்குறுதி. வாக்குறுதியைக் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்திருந்தால், அது கொத்தடிமை முறையில் போய் முடியும். கொத்தடிமை முறையை 1976-ம் ஆண்டின் சட்டம் ஒழித்துவிட்டது.

ஆள் சேர்க்கும் புரோக்கர் வீட்டுக்கு வந்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

மில்லின் பெயர் என்ன? எந்த ஊர்? முழு விலாசம் எழுதித் தருவீர்களா?

சம்பளம் மாதாமாதம் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலே விழுமா?

சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்?

வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டா? அன்று வெளியே போகலாமா? வீட்டுக்குப் போன் பேசலாமா?

தாய் தகப்பன் வந்தால் எந்த நேரத்தில் பார்க்கலாம்?

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாமல், "அதெல்லாம் அங்கே போனால் தெரியும், ஒன்றும் கவலைப்படாதீர்கள்" என்று சிரிக்கிறாரா? அப்படியானால் கவலைப்படத்தான் வேண்டும்.

பதினான்கு வயது ஆகாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது. இது 2016-ல் திருத்தப்பட்ட சட்டம். "வயதைக் கூட்டிச் சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

டீக்கடையே சாட்சி

மில்லையோ கம்பெனியையோ நேரில் பார்க்க எது நல்ல நேரம்? முதலாளி வரச் சொன்ன நேரம் அல்ல. ஷிப்டு மாறும் நேரம்!

வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கும். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறார்களா? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்களா? இருமிக்கொண்டு வருகிறார்களா? ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ள முகங்கள் இருக்கின்றனவா? எல்லாம் புது முகங்களா?

கடைக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுக்கலாம். தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தகப்பனாருக்கும், கொங்கு நாட்டு டீக்கடைக்காரருக்கும் பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, இந்த மில்லுல ஆளுங்க நிலைச்சு வேலை பாக்குறாங்களா?"

"எங்கீங்க நிக்கறாங்க! மாசத்துக்கு ஒரு வண்டி புது ஆளு வந்து எறங்குதுங்க."

"சம்பளம் ஒழுங்கா வருதா?"

"அதை அவங்களையே கேளுங்க. நம்ம கடைக் கணக்கைப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்க. ஏழாந்தேதி தீர்க்க வேண்டிய பாக்கி, இருபதாந்தேதி ஆனாலும் அப்படியேதான் நிக்குது."

இரண்டு கேள்விகள். ஒரு டீ. பல பக்க விளம்பரம் சொல்லாததை அந்தக் கடைக்காரர் சொல்லிவிட்டார்!

உள்ளே போனால் எதைப் பார்ப்பது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். தொழிற்சாலைக்கு எது பதம்? கழிப்பறைதான்!

வரவேற்பு அறையில் கண்ணாடி மேஜை போடுவது சுலபம். தொழிலாளிகளின் கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்கும் நிர்வாகம்தான் தொழிலாளியை மனிதராக நினைக்கும் நிர்வாகம். பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா? தாழ்ப்பாள் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? இவற்றைத் தாயார் கூடப் போய்ப் பார்ப்பது நல்லது.

அடுத்தது குடிதண்ணீர். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? தண்ணீர் குடிக்கப் போனால் மேஸ்திரி சத்தம் போடுவாரா?

அடுத்தது காற்று. நூல் மில்லில் பஞ்சைப் பிரிக்கும் இடத்திலும் சிக்கெடுக்கும் இடத்திலும் தூசி அதிகம். அந்தத் தூசி பல ஆண்டு நெஞ்சுக்குள் போனால் "பிசினோசிஸ்" என்ற நுரையீரல் நோய் வரும். இதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. விடுமுறை முடிந்து மறுபடி வேலைக்குப் போகும் முதல் நாள், நெஞ்சு இறுகிக்கொண்டு மூச்சு முட்டும். மேல்நாட்டு மில்களில் ஞாயிறு விடுமுறை. ஆகவே திங்கட்கிழமை நோய் என்றே சொன்னார்கள். முதலில் அந்த ஒரு நாளோடு போகும். நாளாக ஆக எல்லா நாளும் இருக்கும். தூசியை உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா, மூக்கை மூடும் உறை கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது சத்தம். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்தச் சத்தம் நாளடைவில் காதைக் கெடுக்கும். காதில் வைக்கும் அடைப்பான் தருகிறார்களா?

அடுத்தது இயந்திரம். சுற்றும் பெல்ட்டுக்கும் பல் சக்கரத்துக்கும் மூடி இருக்கிறதா? பெண்களின் பின்னலும் தாவணியும் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் கதவு. வெளியே போக எத்தனை வழி? வழியில் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்களா? பூட்டுத் தொங்குகிறதா? இரவில் விடுதிக் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்களா? நியூயார்க்கின் அந்த ஒன்பதாவது தளத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

சாப்பாட்டு வேளை சின்ன விஷயமா?

"சாப்பிட எத்தனை நிமிஷம் தருவீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்களே!" என்று கூச்சப்பட வேண்டாம்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பின்னி மில் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் தலைமை தாங்கி நின்றார்கள். அந்தத் தொழிலாளர்கள் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதே!

ஒரு பெரிய இயக்கம் ஒரு கவளம் சோற்றிலிருந்தும் பிறந்தது. ஆகவே தைரியமாகக் கேட்கலாம்.

உட்கார ஒரு நாற்காலி

மில்லுக்கு மட்டும் அல்ல, ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் இதே விசாரணை வேண்டும்.

பண்டிகைக் காலத்தில் பெரிய கடைகளுக்குள் போயிருப்பீர்கள். புடவையை விரித்து விரித்துக் காட்டும் பெண், காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். கால் வீங்கும். நரம்பு சுருண்டுகொள்ளும்.

கேரளத்தில் கடைப் பெண்கள் "எங்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும்" என்று போராடினார்கள். 2018-ல் அங்கே அதற்குச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டசபையும் 2021-ல் சட்டத் திருத்தம் செய்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்பது விதி.

ஆகவே, கடை வேலைக்குப் பிள்ளையை அனுப்புமுன் ஒரு நாள் வாடிக்கையாளர் போல் உள்ளே போங்கள். ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? அல்லது அது அலங்காரத்துக்கு மட்டும்தானா? பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆபீஸ் வேலை என்றால்?

படித்த பிள்ளைகள் குளிர்சாதன ஆபீசுக்குப் போகிறார்கள். அங்கே பஞ்சுத் தூசி இல்லை. ஆனால் விசாரிக்க வேண்டியவை உண்டு.

நேர்முகத் தேர்வின் முடிவில், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். பலர் "ஒன்றும் இல்லை, சார்" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார், சார்?"

"பதவி உயர்வு பெற்று மேலே போய்விட்டார்" என்று வந்தால் நல்ல பதில். "ஒரே ஆண்டில் மூன்று பேர் மாறிவிட்டார்கள்" என்று வந்தால், மற்ற மூவரும் ஏன் போனார்கள் என்று வெளியில் விசாரிக்க வேண்டும்.

யாரிடம் வேலை செய்யப் போகிறோமோ அந்த மேலதிகாரியை ஒரு முறை பார்க்கவும் கேட்கலாம். அவர் அறைக்குள் காபி கொண்டு வரும் பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். நாளைக்கு உங்களிடமும் அப்படித்தான் பேசுவார்!

பெண்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டின் சட்டம். அந்தக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களின் பெயர் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதத்தில் வாங்குங்கள்

கண்ணால் பார்த்தாயிற்று, வாயால் கேட்டாயிற்று. இனிக் கையில் வாங்க வேண்டியது காகிதம்.

மத்திய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025-ம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, வேலையில் சேருகிறவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலையின் பெயர், சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டவராக இருந்தாலும், எழுத்துக் கூட்டியாவது படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் மட்டும் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டியவை:

1. வேலை நேரம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் போகக் கூடாது. அதிகப்படி வேலைக்கு இரட்டைக் கூலி. அதிகப்படி வேலைக்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும்.

2. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

3. வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் செய்தால், கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முதலாளியும் தம் பங்கைக் கட்டுகிறாரா என்று அந்த எண்ணைக் கொண்டு பார்க்கலாம்.

4. இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு என்று குறைக்கப்பட்டது. அந்தச் சிறு தொகைக்குக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது.

5. அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் கொடுத்தால் போதும். அசலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர், உங்களையும் பூட்ட நினைக்கிறார்.

6. வேலை கொடுக்கப் பணம் கேட்டால், அது வேலை அல்ல; வியாபாரம்.

"ஏழைக்கு இதெல்லாம் முடியுமா?"

இந்தக் கேள்வி நியாயமானது. அடுப்பில் உலை கொதிக்கிறது, அரிசி இல்லை. கிடைத்த வேலையை விட முடியுமா? முடியாத நேரம் உண்டு. குறையுள்ள இடம் என்று தெரிந்தே போக வேண்டிய நிலைமையும் வரும்.

அப்போதும் விசாரித்த விசாரணை வீண் போகாது. தெரியாமல் போகிறவர் மாட்டிக்கொள்கிறார். தெரிந்து போகிறவர் வழி வைத்துக்கொண்டு போகிறார். மில்லின் விலாசமும் போன் எண்ணும் வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எந்த நேரத்தில் பேசுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். திரும்பி வரப் பஸ் பணம் தனியாகப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். பெண்களுக்கு உதவும் 181 என்ற எண்ணும், சிறுவர் சிறுமியருக்கு உதவும் 1098 என்ற எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. "அங்கே கஷ்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடு, கண்ணு. ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயப்படாதே. வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்."

விசாரிப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கும் முதலாளியிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. நல்ல முதலாளி, "வாருங்கள், உள்ளே வந்து பாருங்கள்" என்று தாமே கூப்பிடுவார். ஏனென்றால், பார்த்துச் சேர்ந்த தொழிலாளிதான் நிலைத்து நிற்பார் என்பது அவருக்குத் தெரியும்.